கத்தி பட்ட குளம்பு

கி.பி. 301ஆம் ஆண்டிலே உரோமச் சக்கரவர்த்தி தயோக்கிளீசியன் தன் பேரரசு முழுவதற்கும் ஒரு விலைக் கட்டளையைப் பிறப்பித்தான். தானியம், மது, செருப்பு, கூலி என நூற்றுக்கணக்கானவற்றுக்கு உச்ச விலை விதித்த அக்கட்டளையில் மிருக வைத்தியனுக்குரிய கூலியும் இடம்பெற்றுள்ளது. ஒரு விலங்கின் மயிரைக் கத்தரித்து, அதன் குளம்புகளைச் செப்பனிடுவதற்கு 6 தெனாரி. அதே கட்டளையின்படி வயலிலே பாடுபடும் கூலியாள் உணவுடன் நாளொன்றுக்குப் பெற்றது 25 தெனாரி. நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாய்த் தூக்கி மடியில் ஏந்தி, அழுக்ககற்றிச் செதுக்கியவனுக்கு வயற்கூலியின் நாற்சம்பளத்தில் நாலில் ஒரு பங்குகூட விதிக்கப்படவில்லை.

ஆணி அறைந்த இரும்பு இலாடம் பொது வழக்காகாத காலம் அது. காலியா, பிரித்தானியா முதலிய மாகாணங்களில், குளம்பின் மேல் வாரினால் இறுக்கிக் கட்டும் இரும்புக் காலணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் பெரும்பாலான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வெறுங்காலுடனேயே பாரம் சுமந்தன. கத்தி பட்ட மறுநாள் அவற்றுள் ஒன்று நொண்டியிருப்பின், பழி எவன் தலையில் விழுந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. இலாடமில்லாத குதிரை குளம்பு செதுக்கப்பட்ட பின் நொண்டுவது எதனால் என்ற வினா பழமையானது. அதற்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை கூறிற்று. கூறியவர் எவர், அந்த விடையால் எவருடைய தவறு மறைக்கப்பட்டது என்பவற்றையும் சேர்த்து நோக்கினாலன்றி விடையின் பெறுமதி விளங்காது.

முதலில் குளம்பைப்பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். குதிரை, காலுக்கு ஒரு விரலிலே நிற்கும் பிராணி. அவ்விரலின் நகமே குளம்பு. வெளியே தெரியும் கடினமான சுவர், மயிர் முடியும் இடத்திலிருந்து மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை கீழ்நோக்கி வளருகிறது. முன்பக்கச் சுவர் முழுவதும் புதிதாய் வளர்ந்து நிலத்தைத் தொட ஒன்பது மாதம் தொடக்கம் ஓராண்டு வரை செல்லும். சுவருக்கும் உள்ளே இருக்கும் குளம்பெலும்புக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மெல்லிதழ்கள், இரண்டு புத்தகங்களின் தாள்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகியதுபோல, கோத்து நிற்கின்றன. குதிரையின் பாரம் தொங்குவது இந்த இதழ்களிலேதான். எலும்பின் கீழே அடித்தட்டு. நல்ல குளம்பிலும் அதன் தடிப்பு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீற்றர்தான். அஃதாவது ஒரு விரற்கடை. அதன் பின்புறத்தில் ஆப்பு வடிவிலே நெகிழ்ச்சியான பகுதியொன்று உண்டு. ஆங்கிலேயர் அதற்குத் தவளை என்று பெயரிட்டுள்ளனர். நாம் ஆப்பு என்றே வழங்குவோம்.

வன்னிலத்திலே நாள்தோறும் நெடுந்தூரம் மேயும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்வும் ஏறக்குறைய ஒத்துச் செல்லும். மனிதன் அதனைக் கட்டிவைத்தான். தேய்வு நின்றது, வளர்ச்சி நிற்கவில்லை. கத்தி வேண்டியதாயிற்று.

இதனை நன்கு உணர்ந்திருந்த பழங்காலத்தவருள் கிரேக்கனான செனபோன் முதல்வன். கி.மு. நான்காம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி அவன் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. குளம்பின் உறுதியைக் கத்தியிலே தேடாமல் தரையிலே தேடியவன் அவன். ஈரமும் வழுவழுப்பும் உள்ள லாயம் நல்ல குளம்பையும் கெடுக்கும். ஆகவே லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பல வண்டிப் பாரம் கொட்டிப் பரப்பி, அவை சிதறாதபடி ஓரங்கட்டி, அதன்மேல் குதிரையை நிறுத்தவேண்டும் என்பது அவன் கூறும் முறை. ஈ கடிக்க, குதிரை காலை மாறி மாறி உதைக்கும். கல்லிலே குளம்பு தானாக உரமேறும். செனபோன் நிலவுடைமையாளன், குதிரைப்படை வீரன். கற்களைச் சுமந்தவர்கள் அவனுடைய அடிமைகள் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் காரணத்தைச் சுற்றுச்சூழலிலே காணும் பார்வை அவனிடம் இருந்தது. அவனுக்குப் பின் நெடுங்காலம் அது மங்கிப்போயிற்று.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றிலே ஒரு பங்குண்டு, பெருமைப்படத்தக்க பங்கன்று. பட்டினப்பாலை கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைக் குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே, குலசேகர பாண்டியனின் ஆட்சிக் காலத்தில், அவ்வணிகம் உச்சநிலையை அடைந்தது. ஆண்டுதோறும் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து பதினாயிரம் குதிரைகள் வந்ததாகவும், ஒவ்வொன்றும் 220 பொன் தினார் பெறுமதியுடையது எனவும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு எழுதினார். அதே காலத்தில் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கூறுவது இன்னும் கவனிக்கத்தக்கது. வாங்கிய குதிரைகளுட் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோகின்றனவாம். அவற்றைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லை. இலாடத் தொழிலாளரும் இல்லை. குதிரை விற்கும் வணிகரோ அத்தொழிலாளரைத் தம்மோடு அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரை இறந்தாலன்றோ அடுத்த ஆண்டும் குதிரை விற்கலாம்!

போலோவின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் போகிறபோக்கில் எழுதிய வேறு இரண்டு செய்திகளை இன்றைய அறிவோடு பொருத்திப் பார்த்தல் தகும். அங்கே குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் ஊட்டப்பட்டன என்பது ஒன்று. உயர்ந்த சாதிக் குதிரைக்குப் பிறந்த குட்டியும் கால் கோணி, ஏறுதற்கு உதவாததாய் வளர்ந்தது என்பது மற்றையது. மாச்சத்து மிகுந்த உணவு குளம்பின் மெல்லிதழ்களைக் கெடுக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த விடயம். இளங்குட்டியின் குளம்பைக் காலத்திலே சமப்படுத்தாவிடின் கால் கோணும் என்பதும் அவ்வாறே. அறிவு வேறொரு கரையிலே இருந்தது. அது கடல் கடந்து வராமல் தடுத்தது இலாபம். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை எம் மாணவர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம், குதிரைக்கென எடுத்த பொன் வீணாய்ப் போன ஓர் அரசின் நினைவும் அக்கதையிலே கலந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இஃது எமது எண்ணமேயன்றி நிறுவப்பட்ட முடிவன்று.

ஐரோப்பாவிலே இதற்குள் குதிரையின் காலில் இரும்பு ஏறிவிட்டது. கி.பி. 900ஐ அண்டி பைசாந்தியச் சக்கரவர்த்தி ஆறாம் லியோவின் போர்நூல் பிறைவடிவ இரும்பையும் ஆணியையும் படைக்கருவிகளுடன் சேர்த்துப் பேசுகிறது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நிலமானியப் பிரபுக்களின் கனத்த குதிரைப்படை பெருகிற்று, ஈரமண்ணில் உழும் குதிரையும் பெருகிற்று, இலாடம் பொதுவழக்காயிற்று. சேனைத் தலைவர்க்கு வழங்கும் மார்ஷல் என்ற பட்டம் செருமானிய மொழியிலே முதலிற் குதிரை வேலையாளைக் குறித்த சொல். லாயத்துக்காரனின் பெயரைப் பிரபு எடுத்துக்கொண்டான். குளம்பு செதுக்கும் வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

இலாடம் குளம்பின் தேய்வை அறவே நிறுத்திவிடுகிறது. எனவே ஒவ்வொரு முறை இரும்பை மாற்றும்போதும் கத்தி எடுக்கவேண்டும். இதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் வளர்ந்தது. இரும்பு காப்பாற்றும் என்ற துணிவிலே அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்தினால் வளையும் அளவுக்கு மெலியச் சீவினர். ஆப்பையும் அழகாய்த் தெரியும்படி அறுத்தொதுக்கினர். பளபளவென்று செதுக்கிய குளம்பே உரிமையாளன் விரும்பிக் கூலி கொடுத்த குளம்பு. இரும்பு இருந்தவரை கேடு தெரியவில்லை. இரும்பு கழன்ற அன்றே குதிரை நொண்டிற்று.

இப்பழக்கத்தை எதிர்த்தவர் ஒரு தொழிலாளி என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். பிரெஞ்சு அரசனின் லாயத்திலே இலாடத் தொழில் செய்த எத்தியேன் கியோம் லபோசு, குதிரைக் கால்களை அறுத்து ஆராய்ந்து, 1756இல் இலாடம் அறையும் புதிய முறை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அடித்தட்டைத் தொடாதே, ஆப்பை அறுக்காதே, அது நிலத்திலே படட்டும் என்பது அதன் சாரம். பாதி நீளமே உள்ள மெல்லிய இலாடத்தை அவர் பரிந்துரைத்தார். அவர் மகனும் 1772இல் குதிரை மருத்துவத்தில் பெருநூலொன்றை வெளியிட்டார். ஆயின் 1762இல் லியோன் நகரிலே உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியைத் திறந்தவர் குளோட் பூர்ஜலா; குதிரையேற்றக் கல்விக்கூடமொன்றின் தலைவர், கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதிய கனவான். இவ்விரு தரப்புக்கும் இடையே கடும் பகை நிலவிற்று. பூர்ஜலாவின் தொண்டு பெரிது என்பதை மறுப்பது அநியாயம். ஆயினும் கையால் அறிந்தவனின் அறிவை ஏட்டால் அறிந்தவன் ஐயுறும் வழக்கத்தைக் குளம்பின் வரலாற்றிலும் நாம் காண்கிறோம்.

இலண்டனிலே 1791இல் தோன்றிய கல்லூரியின் தொடக்ககால மாணாக்கருள் ஒருவர் பிரேசி கிளார்க். இளங்குதிரை ஒன்றின் குளம்பை இலாடம் ஏறுமுன் அச்சு வார்த்து, பின்னர் இலாடத்தோடு ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் மீண்டும் அச்சு வார்த்து, அகன்றிருந்த குளம்பு எவ்வாறு குதிப்பக்கம் ஒடுங்கிச் சுருங்குகிறது என்பதை 1809இல் வெளியிட்ட நூலிலே படங்களுடன் காட்டினார். குளம்பு மரக்கட்டையன்று, பாரம் ஏற விரிந்து, பாரம் நீங்கச் சுருங்கும் உறுப்பு என்பது அவருடைய வாதம். நகரம் இதனைக் கேட்கவில்லை. கல்பாவிய தெருக்களிலே நாள் முழுவதும் வண்டி இழுத்த இலண்டன் குதிரைகள் நான்கைந்து ஆண்டுகளில் ஓய்ந்துபோயின. வேறு குதிரை வாங்கப்பட்டது. வாடகை வண்டிக்காரனோ வண்டியையும் குதிரையையும் முதலாளியிடம் அன்றன்றைக்கு வாடகைக்கு எடுத்தவன். குதிரை நொண்டினாலும் அன்றைய வாடகையைக் கட்டவேண்டும். ஓய்வு கொடுக்க அவனால் இயலாது. கொடுக்கக்கூடியவனுக்கு அது தேவையாகப் படவில்லை.

1877இல் வெளிவந்த ஆனா சிவெலின் நாவலை எம்மவர் சிறுவர் கதை எனத் தள்ளிவிடுவர். அதிலே, ஆணி தளர்ந்த இலாடத்தைக் கவனியாமல் குடிபோதையில் ஒருவன் இரவிலே குதிரையை விரட்டுகிறான். இலாடம் கழல்கிறது, புதிதாய்க் கல் பரப்பிய வீதியில் காப்பற்ற குளம்பு பிளக்கிறது, குதிரை முழங்கால் உடைய விழுகிறது. பதினான்காம் வயதிலே கணுக்கால் பழுதாகி வாழ்நாள் முழுவதும் நடக்க இடர்ப்பட்டவர் அவ்வாசிரியை. நொண்டும் காலின் வேதனையை அவர் அறிந்து எழுதினார். எட்டாண்டுகளின் பின், 1885இல், பாதிரியார் ஜே. ஜி. வுட் குதிரைக்கு இரும்பே வேண்டாம் என்று வாதிட்டு நூலெழுதினார். அவருடைய குரலும் கல்வீதியின் ஓசையில் அமிழ்ந்தது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது, குதிரை வீதியிலிருந்து மறைந்தது, வினாவும் உறங்கிற்று.

அவ்வினா மீண்டும் எழுந்தது, குதிரை உழைப்பாளியாக அன்றி ஓய்வுநேரத் தோழனாக மாறிய பின்னரே. அமெரிக்க இலாடத் தொழிலாளியான ஜேமி ஜாக்சன் 1980களில் அந்நாட்டு மேற்குப் பாலைநிலங்களிலே கட்டற்றுத் திரியும் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, 1992இல் நூல் வெளியிட்டார். இரும்பைக் கழற்றுவோம், குளம்பை இயற்கையின் வடிவிற்குச் செதுக்குவோம் என்றோர் இயக்கம் பல நாடுகளிற் பரவிற்று. அதன் அடிப்படை நியாயத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் அதனுள்ளும் ஒரு புதிய மறைப்பு தோன்றியது. குதியை மிகத் தாழ வெட்டி, அடித்தட்டை ஆழத் தோண்டி, குதிரை வாரக்கணக்கில் நொண்டும்போது, அது நோவன்று, குணமாவதன் அறிகுறி என்று விளக்கம் கூறினர் ஒரு சாரார். உரோமனின் காலத்திலே வெட்டியவன்மேல் எல்லாப் பழியும். இங்கே வெட்டியவன்மேல் எப்பழியும் இல்லை. பழி குதிரையின் பழைய வாழ்வின்மேல். நோகின்றவன் வாய்பேசாதவனாயிருப்பின் அவனுடைய நோவுக்கு மற்றவர் எப்பெயரையும் இடலாம்.

இயற்கைக் குளம்பு என்ற கற்பனையையும் ஆராய்ச்சி ஓரளவு கலைத்துவிட்டது. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கட்டற்றுத் திரியும் குதிரைகளின் குளம்புகளை 2010ஐ அடுத்த ஆண்டுகளில் ஆய்ந்தோர், அவற்றிலும் வெடிப்பு, விரிவு, பழைய இதழ்நோயின் தழும்பு என்பன சாதாரணமாக உள்ளமையைக் கண்டனர். எமது நெடுந்தீவிலும் அந்நியர் ஆட்சிக் காலத்திற் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகள், இலாடமறியாக் கால்களுடன் முருகைக்கல் தரையிலே திரிகின்றன. அங்கே கத்தியின் வேலையைக் கல் செய்கிறது. அவ்வாழ்வும் சொர்க்கமன்று, கோடை கடுமையானால் நீரின்றி அவை மடிகின்றன.

அப்படியாயின் கத்தி பட்ட குளம்பு நோவது எதனால்? இன்றைய மருத்துவம் கூறுவதை எமக்கு விளங்கிய அளவிலே தொகுப்போம்.

முதற் காரணம் வெளிப்படையானது: மிகையாக வெட்டுதல். விரற்கடை அளவே உள்ள அடித்தட்டில் மூன்று நான்கு மில்லிமீற்றர் போனாலும் எஞ்சியது எலும்பையும் அதன்கீழ் உள்ள இரத்தக்குழாய்களையும் காக்கப் போதாது. சுவரை அடித்தட்டின் மட்டத்துக்குக் கீழாக அராவினாலும் விளைவு ஒன்றே. தொங்கவேண்டிய பாரம் மெல்லிய அடியின்மேல் குந்துகிறது. இவ்வகை நோவு அன்றோ மறுநாளோ தெரியும். இரு முன்கால்களும் சேர்ந்தே நோவதால் குதிரை தலையாட்டி நொண்டாமல் குறுகிய அடிவைத்து நடக்கும். புற்றரையில் ஓரளவு நன்றாக நடந்து, சரளைக்கல்லில் ஏறியதும் தயங்கும். வெட்டியவனின் தவறு இங்கே ஐயமற்றது. ஆயினும் அதே அடித்தட்டு பல மாதம் ஈர லாயத்திலே ஊறி மெலிந்திருப்பின், அளவாக வெட்டிய கத்தியும் அளவு கடந்ததாய் ஆகிவிடும். இரும்பைப் புதிதாய்க் கழற்றிய குதிரைக்கும் இதுவே நிலை; ஆண்டுக்கணக்கில் நிலந்தொடாத அடி, ஒரே நாளிற் கல்லை எதிர்கொள்கிறது.

கோணம் திடீரென மாறுவது இன்னொன்று. நெடுநாள் உயர்ந்திருந்த குதியை ஒரே முறையில் தாழ்த்தினால், காலின் பின்புறமாய் இறங்கிச் சிறிய படகுவடிவ எலும்பைச் சுற்றிச் செல்லும் தசைநாண் இழுபடும். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் செதுக்கினால் மூட்டு திருகும். பல மாதங்களில் வளைந்ததைப் பல முறையில் நிமிர்த்தவேண்டும் என்பதை நல்ல தொழிலாளி அறிவான். ஆறு மாதம் அழையாமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் எல்லாம் சரியாகவேண்டும் என்று கூலி பேசும் உரிமையாளன் அதனை அறியான்.

சீழ்க்கட்டு வேறுவகை. ஒரு கால் மட்டும், திடீரென, நிலத்தில் ஊன்றவே முடியாதபடி நோகும்; குளம்பு சூடேறும்; கணுக்காலின் அருகே நாடி துள்ளும். பழைய ஆணித்துளை வழியாகவோ நசிந்த இடத்திலோ அழுக்குப் புகுந்து நாட்கள் சென்றபின் அது தோன்றும். செதுக்குவதற்கு முன்னரே உள்ளே கனிந்திருந்து பின்னர் வெளிப்படுவதும் உண்டு. ஆப்பின் பிளவிலே அழுகல் இருப்பினும் அவ்வாறே. கத்தி அதனை உண்டாக்கவில்லை, திறந்து காட்டிற்று. தோளிலோ முழங்காலிலோ உள்ள பழைய பழுது அதே வாரத்தில் தலைகாட்டுவதும் உண்டு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போல.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது இதழ்நோய். சுவரையும் எலும்பையும் கோத்து நிற்கும் மெல்லிதழ்கள் தளரும் நோய் அது. உடலிலே இன்சுலின் நெடுநேரம் மிகுந்து நின்றால், நலமுள்ள மட்டக்குதிரைக்கும் அந்நோய் வரும் என்பதை அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2007இல் நிறுவினர். தானியம் மிகையாக உண்ட குதிரை, சர்க்கரைச்சத்து மிகுந்த இளம்புல்லை நாள் முழுவதும் மேய்ந்த கொழுத்த மட்டக்குதிரை ஆகியவை நொண்டாமலேயே இந்நோயைச் சுமந்து திரியலாம். அடித்தட்டு அவற்றுக்கு ஏற்கனவே மெலிந்திருக்கும். அரத்தின் இரண்டு இழுப்பு போதும். மறைந்திருந்த நோய் நடையிலே தெரியும். இலாடக்காரர் வந்த நாளையும் குதிரை நொண்டிய நாளையும் உரிமையாளர் நினைவில் வைத்திருப்பார். தீனிப் பாத்திரத்தில் ஆண்டு முழுவதும் இட்டதை எவரும் எண்ணி வைப்பதில்லை.

ஆகவே நொண்டும் குதிரையைக் கண்டவுடன் வினவவேண்டியவை பல: ஒரு காலா, இரண்டா? அன்றே நொண்டியதா, ஐந்தாம் நாளா? மென்தரையில் நடை மாறுகிறதா? நாடி துள்ளுகிறதா? இரும்பு கழற்றி எத்தனை நாள்? என்ன தின்றது? முன்னர்ச் செதுக்கியது எப்போது? இவற்றுள் கத்தி பிடித்தவனிடம் விடை உள்ள வினாக்கள் ஒன்றிரண்டே. எஞ்சியவை லாயத்துக்கும் தரைக்கும் தீனிக்கும் உரியவை. அவற்றைத் தீர்மானிப்பவன் உடைமையாளன். காலை ஊன்றாத குதிரைக்கும், இரண்டு மூன்று நாளில் தேறாத குதிரைக்கும் மிருக வைத்தியரை அழைத்தே தீரவேண்டும். எக்ஸ் கதிர்ப் படம் அடித்தட்டின் தடிப்பை மில்லிமீற்றர்க் கணக்கிற் காட்டிவிடும். அதன்பின் குணமாகும் நோவு என்ற வாதத்துக்கு இடமில்லை.

பிரித்தானியாவிலே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெறாதவர் குதிரைக்கு இலாடம் அறைதல் குற்றம். இலாடமேறாத குளம்பைச் செதுக்குவது அச்சட்டத்தினுள் வரவில்லை. இரும்புக்கு உள்ள காவல் வெறுங்காலுக்கு இல்லை. கத்தி தவறிய குளம்புக்கு மருந்து பெரும்பாலும் காலமே. மென்தரையும் காற்சப்பாத்தும் நோவைத் தணிக்கும். இழந்த தடிப்பை வளர்ச்சிதான் மீட்கவேண்டும். அடித்தட்டுத் தேறச் சில வாரம், சிலவேளை மாதங்கள். கெட்ட சுவர் முழுவதும் நீங்கப் புதுச்சுவர் இறங்குவதற்கு ஓராண்டு. அவ்வோராண்டும் உழையாத குதிரைக்குத் தீனி போடவேண்டும். விக்டோரியா காலத்து இலண்டன் வண்டி முதலாளி அக்கணக்கைப் பார்த்து வேறு குதிரை வாங்கினான். மணித்தியாலக் கணக்கிலே சவாரி விற்கும் இன்றைய குதிரைப் பள்ளிகளும் அதே கணக்கைப் பார்த்தே, அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தக் குதிரை நடக்குமா என்று செதுக்கியவனைக் கேட்கின்றன.